சம்மாந்துறை: நெல் நம்முடையது, விலை யாருடையது?

ஒவ்வோர் ஆண்டும் பெரும்போக அறுவடைக் காலத்தில், காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாக அம்பாறைக்குச் செல்லும் பாதையில் பயணிப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது வீதியோரத்தில் காயும் நெல்தான். இடம் கிடைத்தவர்கள் சீமெந்துத் தளத்தில் பரப்புகிறார்கள். இடம் கிடைக்காதவர்கள் வீதியில் படங்கை விரித்துப் பரப்புகிறார்கள். அதுவும் இயலாதவர்கள் ஈர நெல்லை வயல் வரம்பிலேயே லொறிக்காரரிடம் கொடுத்துவிட்டு, கொடுத்த காசை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த நெல்லில் பெரும்பகுதி பொலன்னறுவைப் பக்கமுள்ள பெரிய ஆலைகளுக்குப் போகிறது. சில மாதங்களின் பின்னர் வர்த்தகப் பெயர் அச்சிட்ட பைகளில் அரிசியாகி, விளைந்த மண்ணில் உள்ள கடைகளுக்கே திரும்பி வருவதும் உண்டு. நெல்லுக்குப் பேர்போன ஊர் சம்மாந்துறை. அரிசி ஆலைகளுக்கும் அங்கு குறைவில்லை. அப்படியிருந்தும் நெல்லின் விலை அந்த ஊரில் தீர்மானிக்கப்படுவதில்லை. இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய ஊரின் பழைய கதையைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டத்து விவசாயியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஒவ்வொரு வர்த்தகருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

துறையாக இருந்த ஊர்

'சம்பான்' எனும் ஓடங்கள் வந்து தங்கிய துறை என்பதால் 'சம்பான்துறை' என்று பெயர் வந்தது, அதுவே நாளடைவில் சம்மாந்துறை ஆயிற்று என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். இன்று ஊர் கடற்கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஆனால் ஆறும் களப்பும் சார்ந்த தாழ்நிலத்தின் ஓரத்தில் அது அமைந்திருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றுகிறது.

கிழக்கு முஸ்லிம்களின் வரலாற்றைப் பேசும் எவரும் 1626ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, அவர்களுள் பெருந்தொகையானோரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அங்கு ஏற்கெனவே வாழ்ந்தவர்களோடு அவர்களும் கலந்தனர். கரையில் உப்பும் கருவாடும் இருந்தன; மலைநாட்டில் பாக்கும் பிற விளைபொருட்களும் இருந்தன. இரண்டையும் இணைத்தது 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டம். இலங்கை முஸ்லிம்களுள் பலர் இந்தத் தவள வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தனர்.

வியாபாரமும் வேளாண்மையும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. நெல்லை விளைவித்தவரும் அதை எங்கே, எப்போது, எதற்கு மாற்றுவது என்று தீர்மானித்தவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். பிற்காலத்தில் இந்த இரண்டும் பிரிந்ததே நமது கதையின் சாரம்.

போடியாரும் நெற்பட்டறையும்

ஆங்கிலேயர் காலத்தில் மட்டக்களப்பு மாவட்டம் பல 'பற்று'களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று சம்மாந்துறைப்பற்று. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் இப்பகுதியின் நீர்ப்பாசனத்தில் அக்கறை காட்டினார். சிதைந்து கிடந்த இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் அவரது காலத்தில் திருத்தப்பட்டன. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், வயல் விடயத்தில் ஊரவர் பழைய வழக்கப்படி கூடித் தீர்மானம் எடுப்பதற்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தது. தண்ணீர் எப்போது திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பது, மாடுகளை எப்போது வயலிலிருந்து அகற்றுவது என்பதையெல்லாம் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள். அதை நடைமுறைப்படுத்தியவர் வட்டை விதானை. இன்றும் போக ஆரம்பக் கூட்டம் அதே அடிப்படையில்தான் நடக்கிறது.

இக்காலத்தில் ஊரின் பொருளாதாரத்துக்கு மையமாக இருந்தவர் போடியார். அவரிடம் பெரும் வயற்பரப்பு இருந்தது. முல்லைக்காரரும் வயற்காரரும் அவரது நிலத்தில் பாடுபட்டனர். விதைநெல், மாடு, சாப்பாட்டு நெல் என்று அனைத்தையும் போடியார் முற்பணமாகக் கொடுத்து, களத்தில் கணக்குப் பார்த்துக் கழித்துக்கொள்வார். கணக்கு எப்போதும் நீதியாக இருந்தது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியைப் பாதுகாக்க முற்பட்டதற்குக் காரணமே இத்தகைய ஏற்றத்தாழ்வுதான்.

எனினும் வியாபாரக் கண்ணோடு பார்க்கும்போது போடியாரிடம் ஒரு பலம் இருந்தது. அவரிடம் நெற்பட்டறை இருந்தது. காய்ந்த நெல்லை மாதக்கணக்கில் வைத்திருந்து, விலை ஏறும்போது விற்க அவரால் முடிந்தது. அதாவது அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையிலான காலம் அவர் கையில் இருந்தது. அந்தக் காலத்தை வைத்திருந்தவரே இலாபத்தையும் வைத்திருந்தார்.

கல்லோயா கொண்டுவந்த இரண்டாம் போகம்

சுதந்திரத்தின் பின்னர் கிழக்கின் முகத்தை மாற்றியது கல்லோயாத் திட்டம். 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. தமிழில் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய கல்லோயாவுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அணை எழுந்தது. அமெரிக்காவின் மொறிசன் நுட்சன் கம்பனி அதனைக் கட்டியது. அணைக்குப் பின்னால் உருவான சேனாநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடியது.

இத்திட்டத்தால் கீழ்ப்புறத்தில் இருந்த பழைய வயல்களில் பலவும் பயன்பெற்றன. மழையை நம்பி ஒரு போகம் செய்த நிலத்தில் சிறுபோகமும் சாத்தியமாயிற்று. மறுபுறம், மேல்புறத்தில் புதிய குடியேற்றங்கள் உருவாகின. சபை கட்டிய அம்பாறை நகரம் வளர்ந்தது. 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானபோது, கச்சேரியும் அலுவலகங்களும் அங்கேயே அமைந்தன. தண்ணீரின் திறப்பும் அதிகாரத்தின் திறப்பும் மேல்புறத்துக்குப் போயின. காணிப் பங்கீடு பற்றிய மனக்குறைகள் அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை.

இங்கு இன்னொரு சம்பவத்தையும் குறிப்பிட வேண்டும். 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால் பகுதியில், அமெரிக்க உதவியுடன் நீர் முகாமைத்துவத் திட்டம் ஒன்று நடைபெற்றது. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றன. 1981ஆம் ஆண்டில் வேலை தொடங்கியபோது சமுத்திரத்தில் கால் பங்கு அளவே தண்ணீர் இருந்தது. அவ்வேளையில் வாய்க்காலின் தலைப்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் முறைவைத்துப் பாய்ச்சி நீரை மிச்சப்படுத்தி, கடைப்பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கும் போகவிட்டனர். பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட கல்லோயா பற்றிய நூலில் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். புதிய அணையோ புதிய வாய்க்காலோ வருவதற்குக் காத்திராமல், ஒரு வாய்க்காலைப் பகிர்பவர்கள் கூடிப் பேசியதால் கிடைத்த பலன் அது. தண்ணீருக்குப் பொருந்திய இந்த வழி நெல்லை உலர்த்துவதற்கும் சேமிப்பதற்கும் பொருந்தாதா என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அரசு வாங்கிய காலம்

1948ஆம் ஆண்டில் உத்தரவாத விலைத் திட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டில் நெல் சந்தைப்படுத்தும் சபை சட்டமாக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகச் சபை நெல்லைக் கொள்வனவு செய்தது. விவசாயிக்கு விலை தெரிந்தது. போடியாரின் பட்டறை இல்லாமலும் நெல்லை விற்க முடிந்தது.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் தனியார் ஆலைகளுக்கு வழிவிட்டது. 1990களில் சபையின் கொள்வனவு சுருங்கி ஏறத்தாழ நின்றே போனது. 2000களின் பிற்பகுதியில் அது மீண்டும் இயங்கத் தொடங்கினாலும், நாட்டின் மொத்த நெல்லில் ஒரு சிறு பகுதியையே அதனால் வாங்க முடிகிறது. அறுவடை தொடங்கிச் சில வாரங்களின் பின்னரே களஞ்சியம் திறக்கப்படுகிறது என்பது விவசாயிகளின் வருடாந்த முறைப்பாடு.

இதே காலப்பகுதியில் ஊருக்குள் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. கிழக்கு முஸ்லிம்களிடையே வீடும் காணியும் பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது வழக்கம். தலைமுறைக்குத் தலைமுறை வயல் துண்டுபட்டது. பாட்டன் காலத்துப் பெருவயல் பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டு, மூன்று ஏக்கராக நின்றது. காணி பரவலானது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் இரண்டு ஏக்கர் செய்பவர் தனக்கென ஒரு பட்டறை கட்டுவாரா? பட்டறை போனதோடு காத்திருக்கும் பலமும் போனது.

யுத்த காலம் இதனை இன்னும் பலவீனப்படுத்தியது. 1990இன் பின்னர் தூரத்து வட்டைகளுக்குப் போகவே மக்கள் அஞ்சினர். பலருடைய காணி ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்தது. விளைந்ததையும் உடனே காசாக்கிவிடுவதே புத்தி என்ற மனநிலை அக்காலத்தில் வேரூன்றியது. நெல்லை வீட்டில் அடுக்கி வைப்பதற்கு நாளை பற்றிய நம்பிக்கை வேண்டுமல்லவா? 2009இல் யுத்தம் முடிந்தது. அந்தப் பழக்கம் மட்டும் முடியவில்லை.

வெட்டு மெசின் மாற்றிய கணக்கு

முன்பு வேளாண்மை வெட்டு என்றால் ஊரே வயலில் இருக்கும். கையால் அறுத்து, உப்பட்டியாகக் கிடக்கவிட்டு, சேர்த்துச் சூடு வைத்து, பின்னர் மாட்டாலோ உழவு இயந்திரத்தாலோ சூடடிப்பார்கள். இத்தனை வேலைக்கும் நாட்கள் செல்லும். அந்த நாட்களில் கதிரிலேயே நெல் காய்ந்துவிடும். களத்திலிருந்து பொலி வீட்டுக்கு வரும்போது அது பெரும்பாலும் சேமிக்கக்கூடிய நிலையில் இருக்கும்.

இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. கூலியாட்கள் கிடைக்காத நிலையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஏக்கரைச் சில மணித்தியாலங்களுக்குள் வெட்டி, அடித்து, தூற்றிச் சாக்கில் நிரப்பிக் கொடுக்கிறது. ஆனால் சாக்கில் விழுவது ஈர நெல். அதன் ஈரப்பதம் 20 சதவீதம், சிலவேளை அதற்கும் மேல். சேமிப்பதற்கோ அரசுக்கு விற்பதற்கோ 14 சதவீதத்துக்குக் குறைய வேண்டும். மூடையில் கட்டிய ஈர நெல் ஓரிரு நாளில் சூடேறி நிறம் மாறத் தொடங்கும்.

மேலும், முன்பு பல வாரங்களுக்குப் பரவி வந்த நெல் இப்போது சில நாட்களுக்குள் ஒரேயடியாகச் சந்தைக்கு வருகிறது. விற்பவர் ஆயிரக்கணக்கில் இருக்க, வாங்குபவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அந்த நேரத்தில் வானமும் இருட்டினால் விலை எங்கே நிற்கும் என்பதை வர்த்தகர்களுக்கு நாம் சொல்லித் தரத் தேவையில்லை.

நூறு கிலோ நெல்லின் கணக்கு

இதை எண்களில் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கம் உலர்ந்த நாட்டு நெல் கிலோ ஒன்றுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் என உத்தரவாத விலையை அறிவித்தது. அதற்கு முன்னர், 2024 டிசம்பரில், நாட்டரிசியின் உச்ச மொத்த விலை கிலோவுக்கு 225 ரூபா என நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இந்த இரு விலைகளையும் வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஒரு விவசாயியிடம் 20 சதவீத ஈரப்பதமுள்ள 100 கிலோ நெல் இருக்கிறது. வயலடியில் கிலோ 90 ரூபாவுக்கு விற்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 9,000 ரூபா.

அதே நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் 93 கிலோ நிற்கும். 7 கிலோ தண்ணீராகப் போய்விட்டது. 93 கிலோவை 120 ரூபாவுக்கு விற்றால் 11,160 ரூபா. வித்தியாசம் 2,160 ரூபா.

அந்த 93 கிலோவைக் குற்றினால், 65 சதவீதம் என்ற கணக்கில், ஏறத்தாழ 60 கிலோ அரிசி கிடைக்கும். 225 ரூபா வீதம் அதன் பெறுமதி சுமார் 13,500 ரூபா. நெல்லின் பெறுமதியைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 2,340 ரூபா. தவிடும் குறுநலும் இதற்கு மேலதிகம். மின்சாரம், கூலி, போக்குவரத்து, இயந்திரத் தேய்மானம், பணத்தின் செலவு ஆகிய அனைத்தும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

இந்தக் கணக்கை ஆறுதலாகப் பாருங்கள். நெல்லை உலர்த்தி வைத்திருப்பதில் உள்ள வித்தியாசமும், அதை அரிசியாக்குவதில் உள்ள வித்தியாசமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கின்றன. பல கோடி ரூபாவில் பெரிய ஆலை போட்டால்தான் நெல்லில் இலாபம் உண்டு என்று நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஊரை விட்டு வெளியேறும் பணத்தில் ஏறத்தாழப் பாதி, ஒரு சீமெந்துத் தளமும் நல்ல கூரையும் இல்லாததால் வெளியேறுகிறது. வயலடி விலை 90க்கு மேலே போனால் இந்த வித்தியாசம் குறையும். 20 சதவீத ஈர நெல்லுக்குக் கிலோவுக்கு 111 ரூபாவுக்கு மேல் கிடைத்தால் உலர்த்துவதில் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு போகமும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடன் எனும் கயிறு

தளமும் களஞ்சியமும் இருந்தால் மாத்திரம் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. விவசாயி காத்திருக்க முடியாததற்கு இன்னொரு காரணம் கடன். விதைப்பு நேரத்தில் நகை அடகுக்குப் போகிறது. உரமும் மருந்தும் கடைக்கடனில் வருகின்றன. உழவுக் கூலியும் பாக்கி. பலசரக்குக் கடைக் கொப்பியிலும் 'வெட்டு முடியத் தாறன்' என்ற வாக்குறுதிதான் எழுதப்படுகிறது. வெட்டு முடிந்த அன்றே அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள். கடன் கொடுத்த எவரையும் இதில் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கும் கொழும்பிலிருந்து வந்த காசோலை நாள் குறித்துக் காத்திருக்கிறது.

2021ஆம் ஆண்டு இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு முடியும் நிலையில் இருந்தது. 2022 தொடக்கத்தில் விளைச்சல் பெருமளவில் வீழ்ந்தது. டொலர் நெருக்கடியில், வெளிச்சந்தையில் 50 கிலோ யூரியா மூடை முப்பதாயிரம் ரூபாவைத் தாண்டியது. 2005இன் பின்னர் அதே மூடையை மானியத்தில் 350 ரூபாவுக்கு வாங்கிப் பழகியவர் நமது விவசாயி. அவரது வயல் விழுந்தபோது உரக்கடையும், புடவைக்கடையும், தளபாடக் கடையும், நகைக்கடையும் சேர்ந்தே விழுந்தன. வயலுக்குப் போகாத வர்த்தகரும் வயலில்தான் முதலிட்டிருக்கிறார் என்பதை அந்த இரண்டு போகங்களும் நன்றாகவே உணர்த்தின.

கடன் கொடுத்து நெல்லாகக் கழிக்கும் முறையில் ஒரு குறை உண்டு. விலையை அறுவடை நாளில் வாங்குபவரே சொல்கிறார். உரத்தின் விலையையும் அவரே சொன்னவர். இரு முனையிலும் பேரம் பேசும் வாய்ப்பு விவசாயிக்கு இல்லை. இதற்கு மாற்றாக ஸலம் எனும் முற்பண வியாபாரம் நமது வர்த்தகர்களுக்குத் தெரியாததல்ல. ஒப்பந்தத்தின்போதே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். எந்த இனம், எந்தத் தரம், எத்தனை கிலோ, எந்த நாளில் ஒப்படைப்பு என்பதெல்லாம் அப்போதே எழுதப்பட வேண்டும். விவசாயிக்கு விதைப்பு நேரத்தில் காசு கிடைக்கிறது. வர்த்தகருக்கு நிச்சயமான நெல் கிடைக்கிறது. விலை ஏறினால் வர்த்தகருக்கு இலாபம், இறங்கினால் அவருக்கே நட்டம். இரண்டையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் வியாபாரம் அது. ஈரப்பதம் 14 சதவீதம் என்று எழுதிவிட்டால், உலர்த்தும் பொறுப்பு யாருடையது என்ற சண்டையும் எழாது.

வர்த்தகர்கள் செய்யக்கூடியவை

முதலாவது, உலர்த்தும் சேவை. பெரிய முதலீடு இல்லாதவர்கள் தளத்தை வாடகைக்குக் கொடுக்கலாம். வசதியுள்ளவர்கள் உமியை எரித்து இயங்கும் உலர்த்தும் இயந்திரத்தைப் போடலாம். ஊரில் ஆலைகள் இருப்பதால் உமிக்குப் பஞ்சமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினால் நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் வருமானம் பாதிக்கப்படாது. ஆனால் இந்த வேலை வருடத்தில் சில வாரங்களே இருக்கும். ஆகையால் மற்ற மாதங்களில் அதே தளத்தை வேறெதற்குப் பயன்படுத்துவது என்பதையும் திட்டமிட்டே இறங்க வேண்டும்.

இரண்டாவது, ஈரப்பத மானியும் திருத்தமான தராசும். நெல் வாங்கும் இடங்களில் 'ஈரம் கூட' என்று சொல்லி மூடைக்கு இத்தனை கிலோ கழிப்பது வழமை. கையால் பிடித்துப் பார்த்துச் சொல்லும் கழிவை எந்த விவசாயியும் மனதார ஏற்பதில்லை. மானியை விவசாயியின் கண்முன்னே வைத்து, எண்ணைக் காட்டி, அதன்படி விலை கொடுக்கும் கடையைத் தேடி அடுத்த போகமும் ஆட்கள் வருவார்கள். அளவையில் நேர்மை என்பது நமக்கு மார்க்கக் கடமை. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் வழியும் அதுவே.

மூன்றாவது, கூட்டுக் களஞ்சியம். இரண்டு ஏக்கர்காரர் தனியே பட்டறை கட்ட முடியாது. ஐம்பது பேர் சேர்ந்தால் முடியும். அவர்களோடு நான்கு வர்த்தகர்கள் பங்காளிகளாகச் சேர்ந்தால் இன்னும் இலகு. நெல்லை அங்கு வைத்துவிட்டு, அவசரச் செலவுக்கு ஒரு பகுதியை மாத்திரம் விற்க இடமிருந்தால் பாதி நெருக்கடி தீரும். கட்டும் இடத்தில் கவனம் தேவை. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட துயரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நெல் விளையும் தாழ்நிலமே வெள்ளம் ஓடும் நிலமும். களஞ்சியம் மேட்டில் இருக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சேமிப்பது வேறு, பதுக்குவது வேறு. சந்தை தட்டுப்படும்போது அரிசியை மறைத்து வைப்பது மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் முரண். 2021இல் அவசரகால விதிகளின் கீழ் களஞ்சியங்கள் சோதனையிடப்பட்டதை வர்த்தகர்கள் அறிவார்கள். மேலும், விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதிக்கு அனுமதி வழங்கப்பட்டு, சில வாரங்களுக்குள் பெருந்தொகை அரிசி நாட்டுக்குள் வந்தது. இருப்பைக் கணக்கில் காட்டி, மாதந்தோறும் சிறிது சிறிதாக விற்று வருபவருக்கு இரண்டு பயமும் இல்லை.

நான்காவது, பெயர். மரந்தகஹமுலவிலோ புறக்கோட்டையிலோ போய் இறங்கும் மூடையில் அது எந்த வட்டையில் விளைந்தது என்று எழுதப்படுவதில்லை. கல் நீக்கி, தரம் பிரித்து, ஐந்து கிலோ, பத்துக் கிலோப் பைகளில் ஊரின் பெயரோடு அரிசியை விற்க ஒரு நடுத்தர ஆலைக்கு இயலாததல்ல. முதலில் கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி போன்ற பக்கத்து ஊர்களின் கடைகளைப் பிடித்தாலே போதும். கொழும்புக்குப் பிறகு போகலாம்.

ஐந்தாவது, விதைநெல். நுகர்வு நெல்லைவிட விதைநெல்லுக்கு விலை கூடுதல். விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தல் சேவையின் கீழ் வயலைப் பதிவு செய்து, அவர்களின் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். பொறுமையும் ஒழுங்கும் தேவைப்படும் தொழில் இது. சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. நமது பிள்ளைகள் அங்கு படித்துவிட்டு மத்திய கிழக்கு விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் படிப்புக்கும் இந்த வயலுக்கும் இடையே ஒரு பாலம் போட வேண்டியவர்கள் முதலீடு செய்யக்கூடிய வர்த்தகர்களே.

காத்திருக்கும் பலம்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சம்மாந்துறைப் பிரதேச செயலகப் பிரிவில் அறுபதாயிரம் பேர் அளவில் வாழ்ந்தனர். இத்தனை பேர் இருந்தும் அது இன்னும் பிரதேச சபையாகவே, அதாவது கிராமியச் சபையாகவே இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயல்தான் அந்த ஊரின் சொத்து. ஆனால் பிள்ளைகள் பெருகப் பெருக வீடு கட்ட நிலம் இல்லாமல் வயலை நிரப்பும் நெருக்கடி கூடிக்கொண்டே போகிறது. வயலில் வருமானம் இல்லை என்றால் அதை நிரப்புவதைச் சட்டத்தால் மாத்திரம் நீண்ட நாள் தடுத்துவிட முடியாது.

பொதிமாட்டுக் காலத்தில் நெல்லும் வியாபாரமும் ஒரே வீட்டில் இருந்தன. போடியார் காலத்தில் அவை ஒரே பட்டறையில் இருந்தன. நீதி மட்டும் குறைவாக இருந்தது. சபையின் காலத்தில் அரசு அந்தப் பொறுப்பை ஏற்றது. இன்று அந்தப் பொறுப்பு உள்ளூரில் எவரிடமும் இல்லை. அது தூரத்து ஆலைகளின் கையில் இருக்கிறது. அதைத் திருப்பி எடுப்பதற்குப் பெரிய ஆலைகளோடு மோதத் தேவையில்லை. அடுத்த பெரும்போகத்தில் விளையும் நெல்லில் பத்தில் ஒரு பங்கையாவது ஊரிலேயே உலர்த்தி, மூன்று மாதங்கள் வைத்திருந்து விற்கும் ஏற்பாட்டை நான்கைந்து வர்த்தகர்கள் சேர்ந்து தொடங்கலாம். அதற்கான பேச்சை வெட்டு மெசின் வயலில் இறங்கும்போது தொடங்கினால் நேரம் பிந்திவிடும். விதைப்புக்கு முந்திய போக ஆரம்பக் கூட்டமே அதற்குச் சரியான இடம். தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் அதே கூட்டத்தில், நெல்லை எங்கே காய வைப்பது என்பதையும் பேசி முடிவெடுக்கலாம். வர்த்தக சகோதரர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போய் அமர வேண்டும்.